தெற்கு மூலைச் சேறு

வனக்காப்பாளர் லோகப்பிரியா ஒரு ஆளை எவ்வளவு மட்டமாக நினைக்கிறாளோ அவ்வளவு மரியாதை கொடுப்பாள். மதகு மேட்டில் உட்கார்ந்து கறி வறுக்க வருகிறவர்களைக்கூட நாலு அதட்டு அதட்டி அனுப்பிவிடுவாள். பறவை நேசர் என்று பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் மட்டும் குரல் வெண்ணெயாக உருகும். “வாங்க சார், பாத்து வாங்க சார், உங்களுக்காகத்தானுங்க பறவையெல்லாம் காத்துட்டிருக்குதுங்க.” அவர்களும் அதை அப்படியே நம்பிக்கொண்டு உள்ளே போவார்கள்.

மதுக்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற பெரியநாச்சிக்குளத்துப் பறவைகள் காப்பகத்துக்கு அவள் காவலுக்கு வந்து நான்கு வருஷம். பிறந்தது உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்புக் குடிசையில். அப்பா மரம் ஏறுகிறவர், அம்மா தேங்காய் உரிக்கிற களத்தில் கூலி. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். விலங்கியல் படித்தாள். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கினார்கள், இவள் படித்தாள். அச்சடித்த காகிதம் எதுவாக இருந்தாலும் கடைசி வரிவரை பார்க்காமல் அவள் கையை விட்டுப் போகாது. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டாள். வேலைக்கு எடுக்கும்போது பதினாறு கிலோமீட்டர் நடக்கவிட்டார்கள். புது ஷூ வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் பாதி வழியில் கொப்புளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட, இவள் கடைசிவரை நடந்து முடித்துவிட்டு, அவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் தெரிந்தது, இவள் யாரோடும் சுலபத்தில் ஒத்துப்போகிற ஆள் இல்லை என்று.

அவள் மனதில் கடைசி இடம் யாருக்கு என்றால், வெண்சிறகு சங்கத்தின் தலைவர் சுந்தரராஜுலுவுக்கு. ஆர்.எஸ்.புரத்தில் வீடு. மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற தொழிலை மகன் ரவிதேஜாவிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்தபோது, முட்டிவலிக்குத் தினம் நடக்கச் சொன்னார் டாக்டர். வெறுமனே நடப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டிருக்க வேண்டும். முதலில் ஒரு தொப்பி வாங்கினார். பிறகு ஒரு பைனாகுலர். பிறகு தலைவரானார். தலைவரான பிறகுதான் சங்கம் ஒன்று தேவைப்பட்டு, அதையும் ஆரம்பித்தார். ஆறு பறவைகளைப் பெயர் சொல்லிக் காட்டுவார். ஏழாவதாக எது பறந்தாலும் “மைக்ரேட்டரி” என்பார். காக்கை தொலைவில் பறந்தபோதும் ஒருமுறை அப்படித்தான் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவர் சும்மா இருந்திருந்தால் லோகப்பிரியாவும் சும்மா இருந்திருப்பாள். போன வருஷம் அவருக்குக் கொடை செய்யும் ஆசை வந்துவிட்டது. குளத்தின் தெற்கு மூலையைத் தம் செலவில் தூர்வாரி, பதினைந்து அடி ஆழப்படுத்தித் தருவதாக அறிவித்தார். நம் பக்கத்தில் தூர்வாருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், எதற்கு, எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். கையெடுத்துக் கும்பிடத்தான் செய்வார்கள். “பறவைக்குத் தண்ணி வேணுமில்லீங்களா?” என்று அவர் கேட்க, எல்லோரும் தலையாட்டினார்கள்.

தெற்கு மூலையில் இருப்பது கணுக்கால் தண்ணீரும் சேறும். உள்ளான் பறவைகள் அந்தச் சேற்றுக்காகத்தான் கடல் கடந்து, மலை கடந்து வருகின்றன. பவளக்கால் உள்ளானுக்கு ஒரு சாண் கால் இருக்கிறது, அது எப்படியோ தப்பிக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், கொசு உள்ளான் நிற்பது தீக்குச்சி அளவுகூட இல்லாத காலில். பதினைந்து அடித் தண்ணீரில் அது என்ன செய்யும், நீச்சல் வகுப்புக்குப் போகுமா? இதை லோகப்பிரியா எழுதிக் கொடுத்தாள், வரைந்து காட்டினாள், வாயாலும் சொன்னாள். “கார்டு பொண்ணு ஏதோ சொல்லுது” என்பதோடு அது முடிந்துபோனது.

தூர்வார அனுமதி கொடுத்து வந்த உத்தரவு ஐந்து பக்கம். சங்கத்தார் முதல் பக்கத்தைச் சட்டம்போட்டு மாட்டினார்கள். லோகப்பிரியா ஐந்தையும் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஏழாவது நிபந்தனை: தைமாதக் கணக்கெடுப்பில் ஐந்நூறு நீர்ப்பறவைகளுக்கு மேல் பதிவாகும் பகுதியில் எந்திரம் இறங்கக் கூடாது.

வனச்சரகரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னார்: “நல்லதும்மா. ஆனா கணக்கெடுப்பு அந்தச் சங்கத்துப் பேர்லதான் நடக்குது. மெம்பர் ஒருத்தர் கூட நின்னு எண்ணியிருக்கணும், தலைவர் கையெழுத்து இருக்கணும். உன் கையெழுத்து மட்டும் இருந்தா தூக்கி ஓரமா வெச்சிருவாங்க. அது இல்லாம என்னால வண்டிய நிறுத்த முடியாது.”

ஆக, சேற்றைத் தோண்டத் துடிக்கிற ஆளின் கையாலேயே, தோண்டக் கூடாது என்கிற தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவும் ஒரே காலையில். கணக்கெடுப்பன்றைக்கே, கணக்கு முடிந்த கையோடு, பொக்லைனுக்குப் பூஜை போட்டு இறக்குவதாக அழைப்பிதழ் அடித்திருந்தார் சுந்தரராஜுலு. தெற்கு மூலையில் சிவப்புத் துணி கட்டிய பதினோரு முளைக்குச்சிகள் முந்தின நாளே அடித்தாகிவிட்டன.

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு. ஆறு மணிக்குக் கரையில் பனி பிடித்திருந்தது. ஆறேகாலுக்கு எண்ணத் தொடங்க வேண்டும், விதி அது. கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்றால், பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள் வேப்பமரத்தில் ஏறிக்கொண்டிருந்தன. வாழைமரம்கூட இருந்தது.

கணக்கெடுப்புக்குப் பொறுப்பான செயலாளர் சசிதர் தண்ணீரோரம் குப்புறப் படுத்திருந்தான். அவனுக்கு முன்னால், பம்புக் குழாய் பருமனில் ஒரு லென்ஸ். லென்ஸுக்கு முன்னால் அவனே நட்ட ஒரு குச்சி. குச்சிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அவனே விலைக்கு வாங்கி விட்ட மீன்குஞ்சுகள். மீன்கொத்தி வந்து குச்சியில் உட்கார்ந்து டப்பாவில் மீன் பிடிக்க வேண்டும், அதை இவன் காட்டு வாழ்க்கை என்று படம் போட வேண்டும்.

“ஏனுங்க சார், ஆறேகாலாச்சுங்க. எண்ண ஆரம்பிச்சரலாமுங்களா?”

“ஷ்ஷ். மேடம், மெதுவா.” படுத்தபடியே சொன்னான். “பிரசிடென்ட் வராம எப்படிங்க ஆரம்பிக்கறது? பேனர்கூட இன்னும் கட்டல.”

“பறவைங்க பேனரைப் படிக்காதுங்களே சார்.”

நகைச்சுவை என்று நினைத்து அவன் சிரித்தான். “அவர் ஏழு மணிக்கு வந்துருவாருங்க. குத்துவிளக்கு ஏத்தி, சால்வை போட்டு, டிபன் முடிச்சு, ஏழரைக்கு எண்ணிப்போடலாமுங்க. பறவை எங்க போயிரப் போகுது?”

மரத்தில் தொங்கிய குழாய்களைப் பார்த்தாள் லோகப்பிரியா. பறவை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். அதில் பாட்டுப் போட்ட நிமிஷமே, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் போகும்.

கூட நின்று எண்ண சங்கத்து மெம்பர் ஒருவர் வேண்டும். கரையெல்லாம் தேடினாள். தொப்பி போட்ட நால்வர் தங்கள் தொப்பிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்து டிபன் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வண்டியும் வந்தது. டெம்போவின் முன்சீட்டிலிருந்து இறங்கினாள் தலைவரின் மனைவி ரங்கநாயகி. கரை போட்ட சேலை, கழுத்தில் கம்பளித் துண்டு, காலில் சாக்ஸ் போட்டு அதற்குமேல் ரப்பர் செருப்பு. அண்டாக்களை எண்ணி இறக்கிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரை மேல் ஏறி நின்று தெற்கே பார்த்தாள். உதடு முணுமுணுத்தது.

‘போச்சு, இந்தம்மா குளத்தைச் சாமியாக்கிக் கும்பிட ஆரம்பிச்சிருச்சு’ என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் போனாள் லோகப்பிரியா.

“என்னங்கம்மா, வேண்டுதலுங்களா?”

“இல்ல அம்மணி, பந்தி எண்ணறேன்.” ரங்கநாயகி கண்ணை எடுக்காமல் சொன்னாள். “அதா, அந்தச் செவப்புக் காலுக்காரங்க ஒரு பந்திக்கு மேல இருக்காங்க. எங்கூட்டுக் கல்யாணத்துல பந்திக்கு எரநூத்தம்பது எலை. முன்னூத்துக்கு மேல வருது பாரு. அக்கட்டால குட்டிக் குட்டியா ஓடுதே, அது மட்டும் ரெண்டு பந்தி நெறையும்.”

லோகப்பிரியா தொலைநோக்கியில் குனிந்தாள். கையிலிருந்த எண்ணும் பொறியை ஒவ்வொன்றாக அழுத்தி, பவளக்கால் உள்ளான்களை எண்ணி முடித்தாள். முந்நூற்றுப் பதினெட்டு.

நிமிர்ந்து அந்தம்மாவை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தாள்.

“நாப்பது வருஷமா எந்தக் கல்யாணம்னாலும் பந்திக் கதவுகிட்ட என்னைத்தான் நிக்க வெப்பாங்க” என்றாள் ரங்கநாயகி. “எட்டிப் பாத்து, அடுத்த பந்திக்கு இத்தனை எலைன்னு சமையக்கட்டுக்குச் சொல்லணும். கூடப்போனா சாப்பாடு வீணு, கொறஞ்சா மானம் போயிரும். பத்து எலைக்கு மேல தப்புனதில்ல கண்ணு.”

“நீங்க சங்கத்துல மெம்பருங்களா?”

“ரெண்டாம் நம்பரு. ஏழு பேரு இருந்தாத்தான் சங்கத்தைப் பதிவு பண்ணுவாங்களாம். என்ற பேரு, டிரைவர் பேரு, சமையக்காரர் பேரு எல்லாத்தையும் எழுதிப்போட்டாரு.”

லோகப்பிரியா படிவத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். கல்லூரியில் மூன்று வாரம் சொல்லிக் கொடுத்த கட்டம்பிரித்து எண்ணும் முறையை இந்தம்மா வாழையிலையில் கற்றிருந்தாள். அது லோகப்பிரியாவுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. பட்டம் வாங்கினவளுக்கு இருக்கத்தானே செய்யும். ஆனால் எரிச்சல்பட நேரமில்லை. ஒருத்தி பந்தி பிரித்தாள், மற்றவள் தொலைநோக்கியில் சரிபார்த்தாள். கொசு உள்ளான் ஐந்நூற்று இருபது. பொறி உள்ளான் நூற்றுத் தொண்ணூறு. அரிவாள் மூக்கன் எழுபத்து நாலு. மற்றவை எழுபத்தெட்டு. பிறகு திரும்பி, வடக்கே ஆழத் தண்ணீரைப் பார்த்தார்கள். நாமக்கோழியும் நீர்க்காகமும் சேர்த்து நாற்பத்து மூன்று.

“அந்தப் பக்கம் பந்தியே இல்லியே” என்றாள் ரங்கநாயகி. “ஒரு மேசைக்கு ஆகாது.”

“ஆழம்ங்கம்மா. தோண்டிப்போட்டா தெக்காலயும் இப்படித்தானுங்க ஆகும்.”

ரங்கநாயகி சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளைப் பார்த்தாள். அவற்றுக்கு நடுவே ஓடித் திரிந்த குட்டிகளைப் பார்த்தாள். படிவத்தின் அடியில், ‘உடன் எண்ணியவர்’ என்ற இடத்தில், தன் பெயரை மணிமணியாக எழுதினாள்.

அவள் பேனாவை மூடுவதற்குள் வேப்பமரம் அலறியது. “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.” பின்னாலேயே நாதஸ்வரம். தெற்கு மூலை அப்படியே ஒரு பாயைச் சுருட்டுவதுபோல எழும்பியது. ஆயிரத்துச் சொச்சம் பறவைகள் வெள்ளையும் கறுப்புமாகத் திரும்பி, மேற்கே சாய்ந்து, மறைந்தன. பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். “சூப்பருங்க! நமக்காகவே பறந்த மாதிரி இருக்குதுங்க!” என்றார் ஒரு தொப்பிக்காரர்.

லோகப்பிரியா படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

ஏழு மணிக்குச் சுந்தரராஜுலு வந்தார். ஒருவர் மாற்றி ஒருவர் அவருக்குச் சால்வை போட்ட பிறகு, குளத்தைப் பற்றிப் பத்து நிமிஷமும் தம்மைப் பற்றி இருபது நிமிஷமும் பேசினார். டிபன் நடந்தது. பாக்குமட்டைத் தட்டுகள் காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தன. எட்டு மணிக்கு ஏப்பம் விட்டுக்கொண்டு எல்லோரும் பைனாகுலரைத் தூக்கினார்கள். குளம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. சசிதர் விரல்விட்டு எண்ணி, நாற்பத்து மூன்று என்றான்.

அப்போதுதான் பக்கத்துக் குளத்துச் சங்கத்தார் எல்லாச் சங்கங்களும் இருக்கிற வாட்ஸாப் குழுவில் தங்கள் கணக்கைப் போட்டார்கள். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. கூடவே கட்டைவிரல் தூக்கிய நால்வரின் படம்.

சுந்தரராஜுலுவின் முகம் கறுத்தது. “நாப்பத்து மூணா? நாப்பத்து மூணுன்னு போட்டா அவனுக என்ன சொல்லுவானுக? சசி, மறுக்கா எண்ணு.”

“எண்ணிட்டேனுங்க சார். ஒரு கொக்கு சந்தேகங்க. அதைச் சேத்தா நாப்பத்து நாலு.”

லோகப்பிரியா முன்னால் வந்தாள். குரலில் அத்தனை வெண்ணெய்.

“சாருங்க, ஆறேகாலுக்கு எண்ணுனதுதானுங்க செல்லும், விதி அப்படிங்க. அம்மாவும் நானும் எண்ணிப்போட்டமுங்க. வடக்க நாப்பத்து மூணு, தெக்கு மூலைல ஆயிரத்து நூத்தி எம்பதுங்க. ஆகமொத்தம் ஆயிரத்து எரநூத்து இருவத்து மூணுங்க.”

“எவ்வளவு?” அவர் தாளைப் பிடுங்கினார். கண் நேராக எண்ணுக்குப் போனது. அதற்கு மேலும் கீழும் போகவில்லை. “ஆயிரத்து எரநூறு! எங்க கையெழுத்துப் போடணும்?”

“இங்கீங்க சார். தெக்கு மூலைங்கற கட்டத்துக்கு நேரா தனியா ஒண்ணுங்க.”

இரண்டு இடத்திலும் போட்டார். சசிதர் படம் எடுத்துக் குழுவில் ஏற்றினான். லோகப்பிரியா தன் போனிலும் படம் எடுத்து வனச்சரகருக்கு அனுப்பினாள். சுந்தரராஜுலு மைக்கைப் பிடித்து முழங்கினார்: “நமது சங்கம் எண்ணிய பறவைகள் ஆயிரத்து இருநூற்று இருபத்து மூன்று! அதில் தெற்கு மூலையில் மட்டும் ஆயிரத்து நூற்று எண்பது! பக்கத்துக் குளத்துக்காரர்கள் குறித்துக்கொள்ளட்டும்!”

கைதட்டல் ஓயும்போது, சாலையில் பெரிய டிரெய்லர் லாரி ஒன்று பொக்லைனைச் சுமந்துகொண்டு திரும்பியது.

லோகப்பிரியா உத்தரவின் மூன்றாம் பக்கத்தை மடிப்புப் பிரித்து அவரிடம் நீட்டினாள். “சாருங்க, ஏழாவது நிபந்தனைங்க. ஒருக்காப் படிச்சுப்போடுங்க.”

அவர் படித்தார். ஐந்து பக்க உத்தரவில் இரண்டாவது பக்கம் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும்.

“ஏம்மா, என்னை ஏமாத்திப்போட்டியா?”

“நான் எங்கீங்க ஏமாத்துனேன்? உத்தரவு உங்க ஆபீஸ்ல மாட்டியிருக்குதுங்க. எண்ணுனது உங்க ஊட்டம்மாங்க. கையெழுத்து உங்களுதுங்க. மைக்ல சொன்னதும் நீங்கதானுங்க.”

“யாருகிட்டப் பேசறேன்னு தெரியுமா? ஒரு போன் போட்டன்னா...” பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தார். அவர் ஒரு போன் போட்டால் நடக்கும் என்பது லோகப்பிரியாவுக்கும் தெரியும். அந்தக் கணக்குத் தவறு, மறுபடி எண்ணுவோம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போது குளத்தில் இருப்பது நாற்பத்து மூன்று.

ரங்கநாயகி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “ஏமண்டி, தாராளமா போன் போடுங்க. கணக்குத் தப்புன்னு சொல்லுங்க. ஆனா அந்தக் குளத்துக்காரங்களுக்கு முதல்ல போட்டு, நாங்க நாப்பத்து மூணுதான்னு சொல்லிப்போடுங்க. அப்பறமா அவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க.”

சுந்தரராஜுலு போனைப் பார்த்தார். அதில் பக்கத்துக் குளத்தார் அனுப்பிய வாழ்த்து வந்து நின்றது. அடியில் அவர்கள் தலைவர், “தோற்றோம்” என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு சொல்லை அவர் மூன்று முறையாவது படித்திருப்பார். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, மைக்கை எடுத்தார்.

“நண்பர்களே! எந்திரத்தைக் கொண்டுவந்தது தோண்டுவதற்காக அல்ல! இந்தச் சேற்றில் இனி எந்த எந்திரமும் இறங்காது என்று அதன் முன்னால் நின்று உறுதி எடுப்பதற்காகவே!”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்குமா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள் லோகப்பிரியா. வரவில்லை.

பொக்லைன் ஓட்டுநர் சாஜித் லாரியிலிருந்து தலையை நீட்டினான். “ஏனுங்கக்கா, எறக்கறதா வேண்டாங்களா?”

“எறக்க வேண்டாம் தம்பி. போட்டோ புடிப்பாங்க, நின்னுட்டுப் போ.”

வாங்கி வைத்த பூசணிக்காய் வீணாகக் கூடாது என்று எந்திரத்துக்குப் பூஜை மட்டும் போட்டார்கள். சுந்தரராஜுலு அதன் முன்னால் கையை அகல விரித்து நின்றார். சசிதர் படம் எடுத்தான். லாரி பின்னால் போனபோது எலுமிச்சம்பழம் ஒன்று அதன் சக்கரத்தில் நசுங்கியது. போகிற போக்கில், சுந்தரராஜுலு தாம் போர்த்தியிருந்த சால்வைகளில் மட்டமான ஒன்றை உருவி லோகப்பிரியாவின் தோளில் போட்டார். அதையும் சசிதர் எடுத்தான்.

“ரொம்பச் சந்தோசமுங்க சார்” என்றாள் அவள்.

டெம்போவில் ஏறுமுன் ரங்கநாயகி சொன்னாள்: “நாளைக்குப் பேப்பர்ல இவர் படந்தான் வரும் கண்ணு. சேத்தைக் காப்பாத்துனவர்னு.”

“வரட்டுங்கம்மா. சேறு இருந்தாச் செரி.”

“அடுத்த தைக்கும் எண்ண வாரேன். இந்த ரேடியோக் குழாயை மட்டும் ஏத்தாமப் பாத்துக்கோ.”

பத்து மணிக்குக் கரை காலியானது. பதினொரு மணிவாக்கில் முதல் கூட்டம் திரும்பி வந்தது. ஒரு பந்திகூட இருக்காது. பிறகு இன்னொன்று. முளைக்குச்சிகளைப் பிடுங்க லோகப்பிரியாவுக்குக் கை அரித்தது. இப்போது இறங்கினால் மறுபடி எழும்பிவிடும். மத்தியான வெயிலில் உள்ளான்கள் வரப்போரம் ஒதுங்கித் தூங்கும்வரை, பார்வைக் கோபுரத்தின் நிழலில் உட்கார்ந்து ஆறிய இட்லி தின்றாள்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ஓசையில்லாமல் சேற்றில் இறங்கி, ஒவ்வொரு குச்சியாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். பதினொன்று. சேறு வழிந்த குச்சிகளைக் கட்டித் தூக்கக் கயிறு எதுவும் இல்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்து, தரையில் விரித்து, அதில் வைத்து இறுக்கி முடிந்தாள்.

முடிச்சு நன்றாகத்தான் நின்றது. அது ஒன்றுக்காவது அந்த ஆள் பிரயோஜனப்பட்டார்.